காலை வட்டும் மாலை வட்டும்

அவைத் தலைவர் அவர்களே! இந்த மலையில் திரும்பாத வளைவில்லை, ஏறாத மேடில்லை, ஏற்றாத ஆளில்லை என்று ஜீப் ஓட்டியே பேரெடுத்து, இன்று இந்த வாசகசாலையின் தலைவர் நாற்காலியிலும் ஸ்டியரிங் பிடித்த கையோடு வீற்றிருக்கும் அண்ணன் பிச்சைமணி அவர்களே! கோபம் வந்தால் மலையாளத்திலும், குளிர்ந்துவிட்டால் தமிழிலும் பேசி, இரண்டு மொழிக்கும் சமமாக வேலை கொடுக்கும் ஏலக்காய்த் தோட்ட மேனேஜர் ஜோஸ் சார் அவர்களே! கம்பளியும் குல்லாயுமாகக் குளிரை வென்று கூடியிருக்கும் பெரியோர்களே! காலையில் காடு, மதியம் காய், மாலையில் குடும்பம், அதற்கும் மேலே இப்போது என் பேச்சு என்று அத்தனை பாரத்தையும் அசராமல் சுமக்கும் அருமைத் தாய்மார்களே! சாந்தன்பாறையின் செல்வங்களே! உங்கள் அனைவருக்கும் பாலக்காட்டு நல்லேப்பிள்ளி நெல்வயலின் ஈரம் காயாமல் வந்திருக்கும் எளியவன் மோகனசுந்தரத்தின் இனிய வணக்கம்!

கைதட்டியவர்களுக்கு நன்றி. தட்டாதவர்கள் கையைப் போர்வைக்குள் வைத்திருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

அன்பர்களே, முதலில் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்த மேடைக்கு நீங்கள் அழைத்தது என்னை அல்ல. என் துணைவியார் யோகப்பிரியாவை. அதோ, பெண்கள் வரிசையில் நீல ஸ்வெட்டரோடு, ‘இவர் என்ன உளறப்போகிறாரோ’ என்ற முகத்தோடு அமர்ந்திருக்கிறாரே, அவர்தான். கோயம்புத்தூரில் ஒரு பொறியியல் கல்லூரியில் ஆய்வாளர். மேடை என்றால் அவருக்கு ஆகாது. “நீங்க பேசுங்க, நான் செஞ்சது எல்லாம் உங்களுக்குத்தான் தெரியுமே” என்று என்னைத் தள்ளிவிட்டார். ஆக, எங்கள் குடும்பத்தில் வேலை செய்வது அவர், பேசுவது நான். வீட்டுக்குள் போனால் மட்டும் பேசுவதும் அவரே! சிரிக்காதீர்கள் தாய்மார்களே, உங்கள் வீட்டுக்காரர்கள் பக்கத்தில் தலையாட்டிக்கொண்டிருக்கிறார்கள், திரும்பிப் பாருங்கள்.

அப்படி அவர் என்ன வேலைதான் செய்கிறார்? கல்யாணமான புதிதில் நானும் கேட்டேன். “அமுக்கிப் பார்க்கிறது, வளைச்சுப் பார்க்கிறது, எது வரைக்கும் தாங்குதுன்னு கணக்கெடுக்கிறது” என்றார். வீட்டில் எனக்கு நடப்பதைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, ஆய்வு என்மேல் அல்ல, முதுகெலும்பு வட்டின்மேல் என்று!

வட்டு என்றால் என்ன? ‘டிஸ்க் விலகிவிட்டது, டிஸ்க் பிதுங்கிவிட்டது’ என்று ஆஸ்பத்திரியில் சொல்கிறார்களே, அந்த டிஸ்க்தான். நம்முடைய முதுகெலும்பு ஒரே எலும்பா? இல்லை. சின்னச் சின்ன எலும்புகளின் அடுக்கு. எலும்பும் எலும்பும் இடித்துக்கொள்ளாமல் இடையிடையே ஒரு மெத்தை. அந்த மெத்தைதான் வட்டு. எங்கள் சித்தூர்ப் பக்கத்து நுங்கை நினைத்துக்கொள்ளுங்கள்: சுற்றிலும் நார், நடுவில் வழவழப்பு. நார் அடுக்கடுக்காக இருக்கும். ஓர் அடுக்கு இடப்பக்கம் சாய்ந்திருந்தால் அடுத்த அடுக்கு வலப்பக்கம் சாய்ந்திருக்கும். யார் பின்னினார்? எந்தத் தறியில் பின்னினார்? எதற்காக இப்படிப் பின்னினார்? நீங்கள் குனிய வேண்டும், நிமிர வேண்டும், திரும்ப வேண்டும், குழந்தையைத் தூக்க வேண்டும், கூடையைச் சுமக்க வேண்டும், அத்தனைக்கும் அந்த வட்டு வளைந்துகொடுக்க வேண்டும் என்பதற்காக!

யோகப்பிரியா அந்த வட்டை எடுத்து, இயந்திரத்தின் இரண்டு தட்டுகளுக்கு நடுவே வைப்பார். மெல்ல அழுத்துவார். மெல்ல வளைப்பார். எவ்வளவு விசைக்கு எவ்வளவு வளைகிறது, எந்த நார் எவ்வளவு இழுபடுகிறது என்று அளப்பார். அந்த அளவுகளைக் கொடுத்துக் கணினிக்குள் அதே போல ஒரு வட்டைப் படைப்பார். பிறகு அந்தக் கணினி வட்டின்மேல் மூட்டையை ஏற்றலாம், ஜீப்பில் குலுக்கலாம், எந்த மலையிலிருந்தும் உருட்டலாம். யாருக்கும் வலிக்காது!

யாருடைய வட்டு என்றா கேட்கிறீர்கள்? நல்ல கேள்வி. பின்னால் இருந்து ஒரு தம்பி பயந்த குரலில் கேட்கிறார். பயப்படாதே தம்பி, ஆட்டு வட்டு. செம்மறிக் கிடாயின் இடுப்புப் பகுதி மனித இடுப்புக்கு ஓரளவு தோதான மாதிரியாம். உலகம் முழுக்க ஆய்வுக்கூடங்களில் அதைத்தான் வைத்துப் பார்க்கிறார்கள்.

இனி இந்தக் கதை எப்படி உங்கள் மலையேறியது என்று சொல்கிறேன். யோகப்பிரியாவின் ஆய்வுக்கூடத்தில் இந்து என்று ஒரு மாணவி. இந்த ஊர்ப் பெண். இதே தோட்டத்தில் வேலை செய்யும் முத்துப்பேச்சி அக்காவின் மகள். அக்கா எங்கே? அதோ, தலையைக் குனிந்துகொண்டார். சென்ற ஆண்டு விடுமுறைக்கு இந்து எங்களை இங்கே அழைத்து வந்தாள். சுக்குக் காப்பி கொடுத்தார் அக்கா. காப்பி கொடுத்த கையோடு இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். என்ன என்று யோகப்பிரியா கேட்டார்.

“என்னத்தச் சொல்லத்தா” என்றார் அக்கா. “வெள்ளன ஜீப்புல வந்து எறங்குறோம். எறங்குன ஒடனே ஒரமூட்டையத் தூக்கச் சொல்றாக. அப்பத்தேன் புடிச்சுக்கிருது. அதே மூட்டைய மத்தியானம் தூக்குனா ஒண்ணுஞ் செய்யல. பனித் தண்ணி இடுப்புல எறங்குதுன்னு நெனைக்கேன்.”

பெரியோர்களே, உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, வெளியூரிலிருந்து வந்த விருந்தினர்களுக்காகச் சொல்கிறேன். இந்தத் தோட்டத்தில் ஒரு வழக்கம். உரமூட்டையும் ஆட்களும் ஒரே ஜீப்பில்தான் வருவார்கள். மூட்டை கீழே, பெண்கள் மூட்டைமேலே! ஜீப் திரும்பிப் போக வேண்டும், அதனால் இறங்கியதும் முதல் வேலை மூட்டை இறக்குவது. குளிரில் விறைத்த உடம்பு, குண்டும் குழியுமான பாதையில் குலுங்கி வந்த உடம்பு, இறங்கிய மறுநொடியே குனிந்து மூட்டையைத் தூக்க வேண்டும்.

முத்துப்பேச்சி அக்காவுக்கு ஒரு வட்டு ஏற்கெனவே பிதுங்கியிருக்கிறது. ‘இனி ஒரு தடவை தூக்கிப் பிடித்துக்கொண்டால் படுக்கைதான்’ என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் வேலையை விட முடியுமா? மகள் படிக்கிறாள். வீட்டில் வேறு வருமானம் இல்லை. அக்கா நேரே மேனேஜரிடம் போய், மூட்டை வேலையைக் காலைத் தேநீருக்கு அப்புறம் வைத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்டிருக்கிறார். ஜோஸ் சார் கெட்டவரா? சத்தியமாக இல்லை! அவருக்கும் மேலே முதலாளி இருக்கிறார், அந்த முதலாளிக்குக் கொச்சியில் ஏசி அறை இருக்கிறது. சார் சொன்னார்:

“முத்துப்பேச்சி, பறையுறது எனக்கு மனசிலாயி. பட்சே முதலாளியிட்ட நான் என்ன சொல்ல? பனி, வேதனைன்னு சொன்னா கேக்குமோ? ஒரு தெளிவு வேணும். தெளிவு இல்லெங்கில், மூட்டை எடுக்க முடியாதவங்களுக்குப் பகரம் வேற ஆளை எடுக்க வேண்டி வரும்.”

ஆதாரம் கேட்டார். ஆதாரம் கொண்டுவா, இல்லையென்றால் இடத்தை விடு. இதுதான் அன்றைய நிலைமை.

யோகப்பிரியா என்ன சொன்னார் தெரியுமா? “அக்கா, பனி இல்லீங்க. வேற காரணம் இருக்கும்னு நினைக்கிறேன், பார்த்துச் சொல்றேன்” என்றார். விஷயம் இதுதான்: நாம் ராத்திரி படுக்கிறோம். உடம்பின் பாரம் இடுப்பிலிருந்து இறங்கிவிடுகிறது. அப்போது வட்டு என்ன செய்கிறது? சுற்றியிருக்கும் நீரை உறிஞ்சிக்கொண்டு பருக்கிறது. அதனால் காலையில் எழும்போது நாம் எல்லோரும் ஒரு விரலகலம் வரை உயரம் கூடியிருப்போம்! உண்மை, வீட்டில் போய் அளந்து பாருங்கள். குள்ளம் என்று வரன் தட்டிப்போகிற தம்பிகளே, பெண் பார்க்க இனிமேல் விடியற்காலையிலேயே கிளம்பிவிடுங்கள்! சாயங்காலம் போனால் அந்த ஒரு விரலும் போய்விடும்.

சிரிப்பு இருக்கட்டும். பருத்த வட்டு விறைத்து நிற்கும். அந்த நேரத்தில் சடாரென்று குனிந்தால் வெளி நார்மேல் இழுவை ஏறும். எழுந்து நடமாடி ஒன்றிரண்டு மணி நேரம் போனால், கூடுதல் நீர் வெளியேறி வட்டு இளகிவிடும். இது பொதுவாகத் தெரிந்த சங்கதிதான். ஆனால் ஜோஸ் சாருக்குப் பொதுச் சங்கதி போதுமா? இந்த மூட்டைக்கு, இந்தப் பாதைக்கு, இந்தக் காலைக்குக் கணக்கு வேண்டும். சரி என்று யோகப்பிரியா இறங்கிவிட்டார். நம் பிச்சைமணி அண்ணனின் ஜீப்பில் ஒரு கருவியைக் கட்டி, குலுக்கலை எல்லாம் பதிவுசெய்து கொண்டுபோனார். அண்ணன் அன்று பார்த்து ஜீப்பை மணப்பெண் ஊர்வலம் மாதிரி மெதுவாக ஓட்டினாராம்! “அண்ணா, தெனமும் ஓட்டற மாதிரி ஓட்டுங்க” என்று கெஞ்ச வேண்டியதாயிற்று.

அடுத்து வேண்டியது ஆட்டு முதுகெலும்பு. அதற்கு யார்? எங்கள் தாயார் ராசம்மாள்! இதோ, யோகப்பிரியாவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். அம்மா, கொஞ்சம் கையைத் தூக்குங்கள். தூக்கமாட்டார். மருமகள் ஆராய்ச்சிக்கு எலும்பு கேட்கிறாள் என்றதும் எங்கள் அம்மாவுக்கு வந்த உற்சாகம் இருக்கிறதே! ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கறிக்கடையில் முதல் ஆளாக நிற்பார். நல்ல இளங்கிடாயாகப் பார்த்து, இடுப்புத் தண்டை அப்படியே முழுசாக வாங்கி, கழுவி, கட்டி, பெட்டியில் வைத்துக் கொடுப்பார். திங்கட்கிழமை காலையில் நான் அதை ஸ்கூட்டரில் வைத்துக் கல்லூரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

கறியைச் சும்மா கொண்டுபோகலாமா? எங்கள் கொங்குப் பக்கத்தில் கறி வாசல் தாண்டினால் அதன்மேல் ஒரு கரித்துண்டு இருக்க வேண்டும், காத்துக் கருப்பு அண்டாமல் இருக்க! அம்மா கரித்துண்டு வைத்தார். கூடவே ஒரு கொத்து வேப்பிலையும் வைத்தார். ஒரு திங்கட்கிழமை வாளையார் செக்போஸ்ட்டில், லாரிகளுக்கு நடுவே என் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டார்கள். பெட்டியைத் திறக்கச் சொன்னார் ஒரு போலீஸ்காரர். திறந்தேன். மேலே வேப்பிலை, அதன்கீழே கரி, அதன்கீழே ஒரு முதுகெலும்பு! அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “எந்தா இது? மந்திரவாதமோ?” என்றார். “இல்லைங்க சார், என்ஜினியரிங்!” என்றேன்.

நம்பவில்லை. யோகப்பிரியா போனில் பேசிய பிறகுதான் விட்டார். பேசி முடித்ததும் அவர் தம் இடுப்பைத் தடவிக்கொண்டு, “எனக்கும் அவிட ஒரு வேதன உண்டு, மேடத்திட்ட சோதிச்சு பறையாமோ?” என்றார். வாளையாரில் நாளெல்லாம் நின்றால் யாருக்குத்தான் வலிக்காது!

இப்படிக் கரியும் கண்ணுமாகக் காத்து நாங்கள் கொண்டுபோய்ச் சேர்த்த வட்டுகளை யோகப்பிரியா சோதித்தார். இரவு முழுக்க நீரில் ஊறியது காலை வட்டு. பகல் முழுக்கப் பாரம் தாங்கியது மாலை வட்டு. இரண்டையும் மூட்டை தூக்குகிற மாதிரி வளைத்துப் பார்த்தார். முடிவு என்ன வந்தது?

என்ன வந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்?

ஒன்றுமே வரவில்லை! காலை வட்டுக்கும் மாலை வட்டுக்கும் வித்தியாசமே இல்லை! இன்னொரு ஆடு, இன்னொரு ஆடு என்று பார்த்தார். அத்தனையும் அதே பதில். காலையாக இருந்தால் என்ன, மாலையாக இருந்தால் என்ன, எல்லாம் ஒன்றுதான் என்று இயந்திரம் அடித்துச் சொல்லிவிட்டது.

அன்று வீட்டுக்கு வந்தவர் சாப்பிடவில்லை. நான் இருக்கிறேனே, மேடைப் பேச்சாளன், ஒன்றைப் பத்தாகச் சொல்லிப் பிழைப்பவன், என் புத்தி எங்கே போகும்? “கொஞ்சம் கூட்டிக் குறைச்சுச் சொன்னா என்னம்மா? ஒரு குடும்பம் பொழைக்குமே” என்றேன். அம்மாடி! அவர் பார்த்த பார்வையில் எனக்கு அந்த இயந்திரத்துக்கு நடுவே மாட்டியது போல இருந்தது. “இன்னைக்கு அக்காவுக்காகக் கூட்டிச் சொன்னா, நாளைக்கு யாரோ முதலாளிக்காகக் குறைச்சுச் சொல்லச் சொல்லுவாங்க. அப்ப என்ன பண்றது?” என்றார். வாயை மூடிக்கொண்டேன். என் வாய் அப்படி மூடியது அதுதான் முதல் தடவை.

உள்ளதை உள்ளபடி முத்துப்பேச்சி அக்காவுக்குச் சொல்லியாக வேண்டும். போன் போட்டுச் சொன்னார். ஸ்பீக்கரில் நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். அக்கா சொன்னார்: “பரவால்லத்தா. நீ வருத்தப்படாத. மிசினு சொன்னா சரியாத்தேன் இருக்கும். நாந்தேன் சோம்பேறியாப் போயிட்டேன் போல.”

தாய்மார்களே! இருட்டில் எழுந்து, சோறாக்கி, பிள்ளைக்குக் கட்டிக்கொடுத்து, ஜீப்பைப் பிடித்து, மழையிலும் பனியிலும் மலையேறுகிற ஒரு பெண், தன்னைத் தானே சோம்பேறி என்று சொல்லிக்கொண்டார். யோகப்பிரியா போனை வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய் முகத்தைக் கழுவினார், கழுவினார், கழுவிக்கொண்டே இருந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை. ஏதோ தேடிக்கொண்டு பின்கட்டுக்குப் போகிறேன். அங்கே எங்கள் அம்மா, ஆட்டு முதுகெலும்பை மடியில் கிடத்தாத குறையாக வைத்துக்கொண்டு, கல்லுப்பும் மஞ்சளும் போட்டுத் தேய்தேய் என்று தேய்க்கிறார்! குழந்தைக்கு எண்ணெய் தேய்ப்பதில்கூட அவ்வளவு பக்குவம் இருக்காது. எங்கள் பக்கம் உப்புக்கண்டம் என்று ஒன்று உண்டு. கறிக்கு உப்பும் மஞ்சளும் தடவி, நூலில் கோத்து, வெயிலில் காயவைத்தால் மாதக்கணக்கில் கெடாது. அந்தக் கைப்பழக்கம்!

நான் என்ன செய்தேன்? தடுத்தேனா? இல்லை! பெருமைப்பட்டேன். மதியம் சாப்பாட்டில் உட்கார்ந்து மனைவியிடம் பெருமையாகவே சொன்னேன்: “எங்கம்மாவுக்கு எவ்வளவு பொறுப்புன்னு பாரு. உன் எலும்புக்கெல்லாம் உப்பு மஞ்சள் போட்டு ஊறவச்சுக் கழுவித்தான் அனுப்பறாங்க!”

யோகப்பிரியாவின் கையில் இருந்த சோறு தட்டிலேயே விழுந்தது.

“எப்ப இருந்துங்க அத்தை?”

“மொதல்ல இருந்தேதான் அம்மிணி” என்றார் அம்மா, பெருமையாக. “ஒரு நா ராத்திரி ஊட்ல இருக்கோணுமல்லோ? நீ காலேசுக்குக் கொண்டுபோயி பொட்டியத் தொறக்கறப்ப நாறிப்போச்சுன்னா, நம்ம ஊட்டு மானம் என்னாகறது?”

புரிகிறதா அன்பர்களே? வட்டு காலையில் ஏன் பருக்கிறது? தண்ணீர் குடிப்பதால். உப்புக்கு என்ன வேலை? தண்ணீரை இழுப்பது! நம் உடம்பிலும் உப்பு உண்டு. ஆனால் அது ரசத்துக்குப் போடுகிற உப்பு. அம்மா போட்டது உப்புக்கண்டத்துக்குப் போடுகிற உப்பு! ஆய்வுக்கூடத்துக்கு வருவதற்கு முன்பே அந்த வட்டுகளின் ஈரம் எல்லாம் போய்விட்டது. பிறகு இரவெல்லாம் ஊறவைத்து என்ன பயன்? காலையும் வரவில்லை, மாலையும் வரவில்லை. லேசாகத் தெரிந்த மஞ்சளைக்கூட, ஆட்டின் கொழுப்பு என்றே யோகப்பிரியா நினைத்திருக்கிறார். சாதாரணக் கொழுப்பா அது, எங்கள் வீட்டுக் கொழுப்பு!

இப்போது எல்லோரும் ஆவலாகக் கேட்கிறீர்கள், மாமியாருக்கும் மருமகளுக்கும் சண்டை வந்ததா என்று. முன்வரிசையில் ஒருவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்! அம்மாவின் முகம்தான் சுண்டிப்போயிற்று. “எங்கையால கெட்டுப்போச்சா அம்மிணி?” என்று கேட்டார். யோகப்பிரியா முதலில் அழுதார். பிறகு சிரித்தார். பிறகு இரண்டையும் சேர்த்துச் செய்தார். “கெட்டுப்போகலைங்க அத்தை. கெட்டுப்போகாம இருந்ததுதான் பிரச்சனையே!” என்றார். எழுந்து, சோற்றுக் கையோடு, மாமியாரைக் கட்டிக்கொண்டார். அம்மாவின் சேலையில் ரசக் கறை இன்னும் போகவில்லை.

அதற்கப்புறம் உப்பு நின்றது. ஐஸ் வந்தது. கறிக்கடையிலிருந்து நேரே பெட்டி, பெட்டியிலிருந்து நேரே கல்லூரி, ஞாயிற்றுக்கிழமையும் ஆய்வுக்கூடம் திறந்தது. கரித்துண்டை மட்டும் அம்மா விடவில்லை. கரிக்கும் வட்டுக்கும் சம்பந்தமில்லை, இருந்துவிட்டுப் போகட்டும் என்று யோகப்பிரியாவும் விட்டுவிட்டார். மறுபடி முதலிலிருந்து அத்தனை சோதனையும் நடந்தது. ஓர் ஆடு சொன்னால் அவர் நம்பமாட்டார், மந்தையே வந்து சாட்சி சொல்ல வேண்டும்!

மந்தை சொன்னது அன்பர்களே! ஒரே குரலில் சொன்னது! அதே மூட்டை, அதே குனிவு, அதே வட்டு. காலையில் அந்த நார் படுகிற பாடு வேறு, சில மணி நேரம் கழித்துப் படுகிற பாடு வேறு. கணினி வட்டில் பிச்சைமணி அண்ணனின் ஜீப் குலுக்கலையும் சேர்த்துப் பார்த்தார். குலுங்கி வந்து இறங்கியதும் தூக்குகிற அந்த முதல் மூட்டை இருக்கிறதே, அதுதான் எல்லாவற்றிலும் கொடியது. பனி அல்ல காரணம், அதில் அக்கா சொன்னது தப்பு. ஆனால் நேரம்? அந்த நேரத்தை அக்காவின் இடுப்பு சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. அக்கா, தலையை நிமிருங்கள். நீங்கள் சோம்பேறி இல்லை! நீங்கள் சோம்பேறி இல்லை! இந்த ஒலிபெருக்கி எந்த மலை வரைக்கும் எட்டுமோ அந்த மலை வரைக்கும் சொல்கிறேன், நீங்கள் சோம்பேறி இல்லை!

இன்று மதியம் ஜோஸ் சாரின் அறையில் யோகப்பிரியா இதை எல்லாம் படம் போட்டுக் காட்டினார். காட்டியவர் சும்மா இருந்தாரா? “சார், இது ஆட்டு வட்டு, மனுச வட்டுக்கு அப்படியே பொருந்தும்னு சொல்லமாட்டேன். ஆனா எந்தப் பக்கம் ஆபத்துன்னு காட்டுது” என்று அதையும் சேர்த்துச் சொன்னார். நான் மேசைக்கு அடியில் அவர் காலை மிதித்தேன். என் காலைத்தான் திருப்பி மிதித்தார். ஜோஸ் சார் எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தார். கடைசியில் ஒரே ஒரு சொல் சொன்னார். “நோக்காம்.”

பார்த்தீர்களா, எல்லோரும் சிரிக்கிறீர்கள்! பார்ப்போம் என்ற சொல்லுக்கு இந்த மலையில் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியாதா?

ஆகவே ஜோஸ் சார் அவர்களே, இத்தனை பேர் முன்னிலையில் உங்களிடமே கேட்கிறேன். இவர்கள் வேலையைக் குறைக்கச் சொன்னார்களா? இல்லை! மூட்டையைக் குறைக்கச் சொன்னார்களா? இல்லை! கூலியைக் கூட்டச் சொன்னார்களா? அதுவும் இன்றைக்கு இல்லை, அது அடுத்த கூட்டத்துக்கு! இவர்கள் கேட்பது இரண்டு மணி நேரம். வேலை செய்யாமல் இருக்க அல்ல, வேலையை மாற்றிச் செய்ய! ஸ்டோரில் காய் தரம் பிரிக்கும் மேசை நெஞ்சளவு உயரம். காலையில் அங்கே நின்று பிரிக்கட்டும். தேநீர் குடித்து, உடம்பு இளகி, வட்டு இளகியதும், அதே கை, அதே இடுப்பு, அதே மூட்டையைத் தூக்கட்டும். மூட்டை எங்கே ஓடிப்போகப்போகிறது? உரம் இரண்டு மணி நேரத்தில் முளைத்துவிடவா போகிறது? தோட்டத்தில் ஒரு செடி சாய்ந்தால் முட்டுக்கொடுக்க ஓடுகிறோமே, அந்தச் செடிக்கு உரம் சுமக்கிறவள் சாய்ந்தால் யார் முட்டுக்கொடுப்பது? மண்ணின் தன்மையைச் சோதிக்க ஆள் வருகிறது, காயின் பருமனைச் சோதிக்கச் சல்லடை வருகிறது, இத்தனை காலத்தில் இந்தப் பெண்களின் முதுகு எதைத் தாங்கும் என்று சோதிக்க யார் வந்தார்கள்? இன்று ஒருத்தி வந்திருக்கிறாள் சார். பொய் சொல்லத் தெரியாத ஒருத்தி வந்திருக்கிறாள்!

ஜீப் திரும்பிப் போக வேண்டுமே என்பீர்கள். அது நியாயம்தான். அந்த ஜீப் ஓட்டுகிறவர் இதே மேடையில்தான் இருக்கிறார். என்ன அண்ணா? சத்தமாகச் சொல்லுங்கள், மைக் இந்தப் பக்கம் இருக்கிறது.

“டீயும் கப்பக்கிழங்கும் எடுக்க எப்படியும் பத்து மணிக்கு ரெண்டாம் நடை கீழ போய்ட்டு வாறேன். மூட்டைய அந்த நடையில ஏத்திட்டு வாறேன். எனக்கென்ன? பொம்பளைக காலையில மூட்டைமேல உக்காராம சீட்டுல உக்காந்து வரட்டும்.”

கேட்டீர்களா! கைதட்டல் அண்ணனுக்கு! எந்தக் கணினிக்கும் தோன்றாதது, வளைவு திரும்புகிற நேரத்தில் அண்ணனுக்குத் தோன்றிவிட்டது!

என்ன சார், எழுந்துவிட்டீர்கள்? மைக் வேண்டுமா? இதோ. அமைதி, அமைதி! சார் பேசுகிறார்.

“நான்… எனக்குப் பிரசங்கம் அறியில்லா. மோகனசுந்தரம் சார் எல்லாம் பறஞ்ஞு. நான் ஒண்ணு மட்டும் சொல்லாம். எங்க அம்மச்சியும் தோட்டத்துல மூட்டைச் சுமடு எடுத்தவதான். கடைசி காலம் கட்டில்ல கெடந்தா. பனின்னுதான் நாங்களும் நெனச்சோம்.” 

பொறுங்கள், சார் முடிக்கட்டும்.

“நாளை முதல், மூட்டை பத்து மணிக்கு மேல மதி. முதலாளியிட்ட நான் பறஞ்ஞோளாம். முத்துப்பேச்சி, நிங்ஙளுக்குப் பகரம் ஆள் வேண்டா.”

கடைசி வரிசைக்குக் கேட்டதா? கேட்கவில்லையென்றால் நான் சொல்கிறேன். நாளை முதல் மூட்டை பத்து மணிக்கு மேல்! முத்துப்பேச்சி அக்காவின் இடம் முத்துப்பேச்சி அக்காவுக்கே! அடியுங்கள் கையை! போர்வையை உதறிவிட்டு அடியுங்கள்! சார், கோபமே இல்லாமல் நீங்கள் மலையாளம் பேசி இன்றுதான் கேட்கிறேன், அது எவ்வளவு இனிமையாக இருக்கிறது!

அக்கா அழுகிறார். அழட்டும், யாரும் தடுக்காதீர்கள். இந்து, அம்மாவுக்குத் தண்ணீர் கொடு.

பேசுவதற்கு இன்னும் நிறைய வைத்திருந்தேன். வேண்டாம். இதற்குமேல் பேசினால் யோகப்பிரியா விசையைக் கூட்டிவிடுவார். அழைத்த வாசகசாலைக்கு நன்றி. அள்ளிக்கொடுத்த சாருக்கு நன்றி. ஜீப்பால் பதில் சொன்ன அண்ணனுக்கு நன்றி. உயிர் கொடுத்துப் பாடம் சொன்ன ஆடுகளுக்கும் நன்றி. தாய்மார்களே, நாளைக் காலை ஜீப்பிலிருந்து இறங்குங்கள். நிமிர்ந்து நில்லுங்கள். ஏலக்காட்டின்மேல் வெயில் ஏறுவதைப் பாருங்கள். அந்தக் காலை உங்களுடையது.

விடைபெறும் முன் ஒரு விளக்கம். காலையில் நீங்கள் என்னை அழைத்திருந்தால் நின்றபடியே கும்பிட்டுவிட்டுப் போயிருப்பேன். இப்போது பொழுது சாய்ந்துவிட்டது, வட்டெல்லாம் நன்றாக இளகியிருக்கிறது, இனி எவ்வளவு வளைந்தாலும் பயமில்லை. ஆகவே, இந்த மலையைத் தங்கள் முதுகில் சுமக்கும் என் அக்கா தங்கைகளே, உங்கள் முன் இடுப்பு மடிய, தலை தாழ, தரை தொடக் குனிந்து சொல்கிறேன்: வணக்கம்!